ஆம்புலன்ஸ் வேலைக்குப் பட்டப்படிப்பு எதற்கு?

1966இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியை நடத்தி வந்தவர்கள் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர்கள் என்று அதில் ஒரு தகவல் இருந்தது. காரணம் சாதாரணமானது. ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக்கூடிய நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. போர்முனையில் படுகாயம் அடைந்த சிப்பாய்க்கு இருந்த பிழைக்கும் வாய்ப்பு, நகரத் தெருவில் அடிபட்டவருக்கு இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

அதே ஆண்டில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், கார் பேட்டரிகளில் இயங்கும் டிஃபிபிரிலேட்டர் (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி) ஒன்றை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. மாரடைப்பு வந்தவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே இறந்துவிடுகிறார்கள், அப்படியானால் சிகிச்சைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபிரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் வகுத்த சுமார் 300 மணி நேரப் பயிற்சியைக் கொடுத்தார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் ஒருவர் இந்தச் சாஃபர். ஃபிரீடம் ஹவுஸ் 1975இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே உருவான பயிற்சி முறை அமெரிக்கா முழுவதும் பரவியது.

அந்த 300 மணி நேரம், இன்று பல நாடுகளில் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பாகிவிட்டது. பிரிட்டனில் பாராமெடிக்காக, அதாவது ஆம்புலன்ஸில் போய்ச் சிகிச்சை தருபவராக, பதிவு செய்வதற்கான அடிப்படைத் தகுதி 2021 செப்டம்பரிலிருந்து இளங்கலைப் பட்டம். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல், மருத்துவர்களையும் செவிலியர்களையும் போலவே பாராமெடிக்குகளும் தேசிய அளவில் பதிவு பெற்ற தொழிலினர். இது உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கவில்லை. பிரான்ஸில் கடுமையான அழைப்புகளுக்கு மருத்துவரே வண்டியில் போகிறார். ஜெர்மனியில் மருத்துவரும் போகிறார், 2014 முதல் மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவரும் போகிறார். ஆகவே பட்டம் ஒன்றுதான் வழி என்று சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் உடன் வராத வண்டியில் போகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் பட்டப்படிப்பின் முதலாண்டுப் பாடத்திட்டம் நல்ல பதில் தருகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரங்கட்டிவிடலாம். கை வேலைக்காக அல்ல இந்த மூன்று ஆண்டுகள். நரம்பில் ஊசி ஏற்றுவது, ஈசிஜி ஒட்டுகளை ஒட்டுவது, தொண்டைக்குள் குழாய் வைப்பது போன்றவற்றைப் பொம்மைகள் மேல் சில வாரங்கள் பழகினால் கை ஓரளவு பிடித்துக்கொள்ளும். எப்போது செய்வது, எப்போது செய்யாமல் விடுவது என்பதற்குத்தான் இவ்வளவு காலம் தேவைப்படுகிறது. பாராமெடிக் முடிவெடுக்கும் நேரத்தில் அவரிடம் இரத்தப் பரிசோதனை முடிவு இருக்காது, ஸ்கேன் இருக்காது, பழைய மருத்துவக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது. நோயாளி பேசும் நிலையில் இல்லாமலும் போகலாம். பாதித் தகவலோடு முடிவெடுப்பதுதான் இந்தத் தொழில். முதலாண்டுப் பாடங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்கான தயாரிப்புதான்.

முதல் சில வாரங்களில் மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது முதல்நிலைப் பரிசோதனை. இடத்துக்குப் போனதும் தனக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது: அறுந்த மின்கம்பி, எரிவாயுக் கசிவு, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள், கையில் கத்தியோடு ஒருவர். அப்புறம் நோயாளி கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பது. அதன் பிறகு மூச்சுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம், கடைசியில் உடையை விலக்கி உடல் முழுவதையும் பார்ப்பது. மனப்பாடமாக ஒப்பிக்கும் பட்டியல் போலத் தோன்றினாலும் இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது: உயிர் எது எதனால் சீக்கிரம் போகுமோ, அந்த வரிசையில் அமைந்தது இது. மூச்சுப் பாதை அடைத்தால் சில நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். உடைந்த கால் எலும்பு, எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் காத்திருக்கும்.

காரணம் தெரிந்தவர்களால்தான் வரிசையை மாற்றவும் முடிந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் சிதறிய வீரர்கள், மூச்சுப் பாதையைச் சரிபார்த்து முடிப்பதற்குள் இரத்தம் வடிந்தே இறந்தார்கள். பீறிட்டு ஓடும் இரத்தத்தை நிறுத்துவதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் முறை அங்கிருந்து பொது ஆம்புலன்ஸ் பாடத்துக்குள் வந்தது. காலை இழக்க வேண்டி வரும் என்ற பயத்தில் ஒதுக்கி வைத்திருந்த டூர்னிகே என்ற இறுக்குப் பட்டையும் அதோடு திரும்பி வந்தது.

உடலியங்கியல் வகுப்பில்தான் பலர் திணறுகிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்தவரை உட்கார வைத்து, இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று கணக்குப் போடச் சொன்னால் சலிப்பு வரத்தானே செய்யும். ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தச் சிறிய பெருக்கல் தெரிந்தால், இரத்தம் இழக்கும் ஒருவரின் உடலில் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிடும். ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறைந்தால், உடல் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டும். தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் திருப்பிவிடும். ஆகவே முதலில் தெரிவது வேகமான நாடி, வெளிறிய குளிர்ந்த தோல், வியர்வை, காரணமில்லாத பதற்றம்.

இரத்த அழுத்தம் அப்போதும் சரியாகவே இருக்கும்! ஆரோக்கியமான இளைஞருக்கு, இரத்தத்தில் சுமார் 30 சதவீதம் போகும் வரைகூட அழுத்த அளவு தாக்குப்பிடிக்கலாம். அதன் பிறகு மளமளவென்று இறங்கும். கருவியில் 120 என்று பார்த்து நிம்மதி அடைந்தவர், அழுத்தம் விழுந்த பிறகு விழித்துக்கொண்டால் பெரும்பாலும் தாமதம். எண்ணை வாசிப்பது யாருக்கும் வரும். அந்த எண் இந்த நோயாளியிடம் என்ன விலை கொடுத்து நிற்கிறது என்று கேட்பதற்குத்தான் உடலியங்கியல் வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மூச்சு எண்ணிக்கை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் அளவுகளில் இது முக்கியமானது, இருந்தும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் விரலில் மாட்டும் கருவி இருக்கிறது, அழுத்தத்துக்குக் கைப்பட்டை இருக்கிறது. மூச்சை மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எண்ண வேண்டும். அதனால் உலகில் பாதி நோயாளிகள் சரியாக 16 முறை மூச்சு விடுவதாகக் குறிப்பேடுகள் சொல்கின்றன என்று இத்துறையில் ஒரு கிண்டல் உண்டு.

சுயநினைவை அளக்க கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு நரம்பு அறுவை மருத்துவர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு என்பதால், குறைந்தபட்சம் 3. (மேசை நாற்காலிக்குக்கூட 3 மதிப்பெண் கிடைக்கும் என்பது எல்லா வகுப்புகளிலும் ஒலிக்கும் பழைய நகைச்சுவை.) மொத்த எண்ணைவிட அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் முக்கியம். 14இலிருந்து பத்து நிமிடத்தில் 11 ஆனவரைப் பார்த்துத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

சுயநினைவில் குழப்பம் என்றால் மாணவருக்கு அனிச்சையாக வர வேண்டிய அடுத்த வேலை, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று சேமிப்பும் அதனிடம் அநேகமாகக் கிடையாது. சர்க்கரை இறங்கியதும் நாக்கு குழறும், நடை தள்ளாடும், கோபம் வரும், சில சமயம் ஒரு பக்கக் கை கால் பலவீனமாகக்கூடத் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்குக் குடிபோதை, அல்லது பக்கவாதம். குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி விட்டுவிட்டுப் போனால் அவர் இறந்துபோகலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத ஒரு பரிசோதனை அதைத் தடுத்துவிடும். பாதுகாப்பான வழக்கம் என்றால் என்ன என்பதற்கு ஆசிரியர்கள் இந்த உதாரணத்தை விரும்பிச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் களைப்பு அழுத்துகிறவருக்குத் தெரியும் முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடும். இடையில் நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இதயத்துக்கே இரத்தம் போவதற்குத் தேவையான அழுத்தம் பல அழுத்தல்களில் மெல்லச் சேர்ந்து, நிறுத்திய சில நொடிகளில் விழுந்துவிடுகிறது.

மாணவர்கள் முதலில் வெறுப்பதும், என் பார்வையில் இந்தப் பட்டப்படிப்பை நியாயப்படுத்துவதும் ஒரே பாடம்தான்: ஆராய்ச்சி முடிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். பல பத்தாண்டுகளாக, நெஞ்சுவலி என்று சொன்ன எல்லாருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். இதயத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை, ஆகவே கொடுக்கிறோம். கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? 2015இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நடந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஏற்கெனவே சரியாக இருந்த மாரடைப்பு நோயாளிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தபோது இதயத் தசைச் சேதம் அதிகமாவதற்கான அறிகுறிகளைக் கண்டது. 2017இல் சுவீடனில் 6,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், கொடுப்பதால் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. இன்று பல வழிகாட்டுதல்களின்படி இலக்கு 94 முதல் 98 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. ஆக்சிஜனும் ஒரு மருந்துதான், அதற்கும் அளவு உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வியை எழுப்பியது அட்ரினலின். இதயம் நின்றவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது அரை நூற்றாண்டு வழக்கம். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், ஒரு பாதிக்கு அட்ரினலினும் மறு பாதிக்கு வெறும் உப்பு நீரும் கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதம், பெறாதவர்களில் 2.4 சதவீதம். ஆயிரம் பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள், சரி. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர்களில் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தவர்கள் முதல் குழுவில் 31 சதவீதம், இரண்டாவது குழுவில் 17.8 சதவீதம். அப்படியானால் மருந்து பலன் தருகிறதா இல்லையா? பலன் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. உயிர் என்பதா, பேசி நடமாடும் வாழ்க்கை என்பதா? சுயநினைவே இல்லாதவரிடம் எப்படி ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கினார்கள் என்ற அறநெறிக் கேள்வியும் உடனே வரும். அவரிடம் அந்த நேரத்தில் வாங்க முடியாது, பிழைத்தால் அவரிடமோ, இயலாவிட்டால் அவர் சார்பில் முடிவெடுப்பவரிடமோ பிறகு கேட்பது என்ற ஏற்பாட்டின்படி அது நடந்தது. பத்தொன்பது வயது மாணவர்கள் இதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டால், அந்த வகுப்பு பலித்தது என்று அர்த்தம்.

அறநெறிப் பாடம் உண்மையில் சோதனைக்கு வருவது, நோயாளி மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்று சொல்லும்போதுதான். தெளிவான மனநிலையில் இருக்கும் பெரியவர் சிகிச்சையை மறுக்கலாம். அதனால் உயிர் போகும் என்றாலும் அந்த உரிமை அவருடையது. கேள்வி எல்லாம் அந்தத் தெளிவு இருக்கிறதா என்பதுதான். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சொல்வது புரிகிறதா, அதை நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறதா, நன்மை தீமையைச் சீர்தூக்க முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. சர்க்கரை இறங்கிக் குழம்பிப்போய் ‘வெளியே போங்கள்’ என்று கத்துகிறவரிடம் அந்தத் திறன் அப்போது இல்லை. குளுக்கோஸ் கொடுத்துச் சில நிமிடங்களில் அவரே தெளிந்து, அதே வார்த்தையைச் சொன்னால் இப்போது அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வகையில் பாதுகாப்பான முடிவு, அதற்குப் பிறகு பொறுப்பு கைமாறிவிடும். வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதற்குத்தான் அதிக அறிவும் தைரியமும் வேண்டும். விழுந்த முதியவரைத் தூக்கி உட்கார வைத்து, எலும்பு எதுவும் உடையவில்லை என்று பார்த்து, எதனால் விழுந்தார் என்று விசாரித்து, குடும்ப மருத்துவரிடம் பேசி, எந்த அறிகுறி வந்தால் மறுபடி அழைக்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைவிட அதற்கு நேரமும் அதிகம். ஆம்புலன்ஸ் பணியைப் போக்குவரத்து வேலை என்ற நிலையிலிருந்து மாற்றியது டிஃபிபிரிலேட்டரைவிட இந்த மாதிரி முடிவுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

களப்பயிற்சி தொடங்கும்போது பலருக்கு ஏமாற்றம். விபத்தும் இரத்தமும் எதிர்பார்த்து வந்தவர்கள் பார்ப்பது மூச்சு வாங்கும் வயதானவர்களை, நாள்பட்ட நோயோடு தனியாக இருப்பவர்களை, மன உளைச்சலில் அழைத்தவர்களை. சின்னப் படிக்கட்டில் பெரிய உடலை இறக்குவது எப்படி என்ற பாடத்தை வகுப்பில் அசட்டையாகக் கேட்டவர், முதல் வாரத்திலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதே சமயம் வகுப்பில் கிடைக்காத ஒன்றும் அங்கே கிடைக்கிறது. பயிற்சிப் பொம்மைக்கு வியர்க்காது. அழுகிற மகள் அதற்குக் கிடையாது. மாத்திரைகளை எந்த அலமாரியில் வைத்திருக்கிறது என்று தேட வேண்டிய வீடும் கிடையாது. வாசல்படியில் நின்றபடியே, உள்ளே இருப்பவர் எத்தனை வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறார் என்று கவனிக்கும் பழக்கம் அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நின்றுதான் வரும்.

பேச்சும் ஒரு பாடம்தான், சின்ன பாடமல்ல. நோயாளியிடம் கேட்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: என்ன செய்கிறது, எதற்காவது ஒவ்வாமை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு என்ன நோய், கடைசியாக எப்போது சாப்பிட்டார், இது தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது இவற்றைச் சுருக்கி ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் பத்துப் பேர் சுற்றி நிற்கையில், முக்கியமானது முதல் வாக்கியத்திலேயே வராவிட்டால் அது காதில் விழாமலே போகலாம். இறப்புச் செய்தியைக் குடும்பத்திடம் சொல்வதையும் நடிகர்களை வைத்துப் பழக்குகிறார்கள். ‘போய்விட்டார்’ என்று மழுப்பாமல் ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் மழுப்பலான வார்த்தைக்கு மனம் வேறு அர்த்தம் தேடிக்கொள்ளும்.

ஒரு குறை இன்னும் பல இடங்களில் தீரவில்லை. வார்டு மருத்துவர் தன் சிகிச்சை பலித்ததா என்று மறுநாள் காலையே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். பாராமெடிக்குக்கு அந்த வசதி இல்லை. நோயாளியை ஒப்படைத்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடும், பக்கவாதம் என்று நினைத்தது பக்கவாதம்தானா என்று பெரும்பாலும் தெரியவே வராது. தவறாகக் கணித்தது தெரியாவிட்டால் அதே தவறு அனுபவம் என்ற பெயரில் வளரும். அதனால் சில பாடத்திட்டங்கள் ஒவ்வொரு களப்பணிக்குப் பிறகும் மாணவரைத் தன் கணிப்பையும் அதற்கான காரணத்தையும் எழுதச் சொல்கின்றன. சில ஆம்புலன்ஸ் சேவைகள், ஒப்படைத்த நோயாளியின் இறுதி நோயறிதலை மருத்துவமனையிடமிருந்து கேட்டு வாங்கிப் பணியாளருக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்திருக்கின்றன. நோயாளியின் தகவலை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற அந்தரங்க விதிகள்தான் அங்கே பெரும்பாலும் முட்டுக்கட்டை.